முன்சூல்வலிப்பும் மன்னார்க் கரையோரமும்

கருவுற்று 20 கிழமைகள் கடந்த பிறகு தாயின் குருதி அமுக்கம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டி, கூடவே சிறுநீரில் புரதம் கழிந்தாலோ, ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகளில் ஒன்று பழுதுபடத் தொடங்கினாலோ அது முன்சூல்வலிப்பு எனப்படும். நோய் முற்றி வலிப்புக் கண்டால் சூல்வலிப்பு. பழைய மருத்துவ நூல்கள் இரண்டையும் 'டொக்சீமியா', அதாவது குருதியில் நஞ்சேறுதல் என்று எழுதின. முந்திய தலைமுறை 'சன்னி' என்ற ஒரே சொல்லுக்குள் இதையும் பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சலையும் அடக்கிவிட்டது. இன்று கிளினிக் வாங்கில் இருக்கும் தாய்மார் 'பிரசர் கூடிப்போச்சு' என்கிறார்கள்.

இலங்கையில் தாய் மரணத்துக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாக இந்நோய் நீடிக்கிறது. மூளையில் குருதிக் கசிவு, நுரையீரலில் நீர் கோத்தல், பேற்றுக்கு முன்பே நஞ்சுக்கொடி பிரிதல் என்று தாயைத் தாக்கும். குருதிச் சிவப்பணுக்கள் சிதைந்து, ஈரல் பழுதுபட்டு, குருதிச் சிறுதட்டுகள் குறைந்து போகும் கடுமையான வடிவமும் உண்டு. வயிற்றுப் பிள்ளை வளர்ச்சி குன்றும், குறைமாதத்தில் பிறக்கும். தலைப்பிள்ளைக்காரிக்கும், இரட்டைப் பிள்ளை சுமப்பவருக்கும், முன்னைய கர்ப்பத்தில் இந்நோய் கண்டவருக்கும் ஆபத்து அதிகம்.

நஞ்சைத் தேடிய கதை

வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் இருப்பதை லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜோன் லீவர் 1843இல் எடுத்துக்காட்டினார். இத்தாலியரான ரிவா ரொச்சி 1896இல் கைப்பட்டி கட்டிக் குருதி அமுக்கம் அளக்கும் கருவியை அமைத்தார். நோயின் இரு அடையாளங்களும் இப்படி வெளிச்சத்துக்கு வந்தன. காரணம் மட்டும் பிடிபடவில்லை. ஏதோ நஞ்சு குருதியில் கலக்கிறது என்று நம்பி, குருதியை வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் பார்த்தார்கள், நஞ்சு அகப்படவில்லை. 1983இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு புழுவே காரணம் என்று அறிவித்தனர். அப்படியொரு புழுவே இல்லை என்று அதே ஆண்டில் மறுப்பு வந்தது.

உண்மையான தடயம் வேறிடத்தில் இருந்தது. சிசுவே இல்லாத முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் இந்நோய் வரும். நஞ்சுக்கொடி வெளியே வந்தபின் தணியத் தொடங்கும். ஆகவே நோயின் வேர் நஞ்சுக்கொடியில்தான். கர்ப்பத்தின் முற்பகுதியில் கருப்பைச் சுவரின் சுருள் நாடிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாகக் குருதி பாயவேண்டும். அவை ஒடுங்கியே இருந்துவிட்டால் கொடி குருதிக்கு ஏங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அனந்த் கருமாஞ்சியின் குழு, அப்படி ஏங்கும் கொடி ஒரு புரதத்தை அளவுமீறிச் சுரந்து தாயின் குருதியில் விடுவதை 2003இல் வெளியிட்டது. குருதிக்குழாய்களின் உட்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை அது பிடித்து முடக்குகிறது. சினை எலிகளின் உடலில் அப்புரதத்தைக் கூட்டியபோது அமுக்கமும் ஏறிற்று, புரதமும் கழிந்தது. இதன் அளவைக் கொண்டு கடும் நோயை முன்கூட்டிக் கணிக்கும் குருதிச் சோதனைக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி அளித்தது.

பேறு பார்த்த தமிழ்ப் பெண்கள் கொடியையே 'நஞ்சு' என்றார்கள். பிள்ளை பிறந்ததும் 'நஞ்சு விழுந்திட்டுதா' என்பதுதான் அடுத்த கேள்வி. டொக்சீமியா என்ற பெயரை மருத்துவம் கைவிட்டு வெகுகாலத்துக்குப் பிறகு, குருதியில் கலக்கும் தீங்கு அந்த நஞ்சிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. சொல்லின் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் இந்நோயைத் தமிழில் விளக்க அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மருந்து

வலிப்பை நிறுத்த மக்னீசியம் சல்பேற்றே சிறந்தது என்று 1995இல் பல நாட்டு ஆய்வு காட்டியது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மக்பை' ஆய்வு, வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்று 2002இல் நிறுவியது. மலிவான உப்பு மருந்து, ஆனால் அளவு மீறினால் மூச்சையே அடக்கும். அதனால் மருந்து ஏறும்போது தாதி முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார். கால் துள்ளினால் தொடரலாம், துள்ளாவிட்டால் மருந்தை நிறுத்த வேண்டும். மூச்சையும் சிறுநீரின் அளவையும் எண்ணிக் குறிக்கிறார். மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆபத்துள்ள தாய்மாருக்கு முற்பகுதியிலேயே அஸ்பிரின் கொடுத்தால் குறைமாத முன்சூல்வலிப்பு பாதிக்கு மேல் குறைவதை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. நாளுக்கு 500 மில்லிகிராம் கல்சியம், 1,500 மில்லிகிராமுக்கு இணையாகக் காக்கிறது என்று பெங்களூரிலும் தன்சானியாவிலும் நடந்த ஆய்வுகள் 2024இல் தெரிவித்தன. நாளொன்றுக்கு மூன்று குளிசைக்குப் பதில் ஒன்று என்பது கிளினிக்குக்குப் பெரிய ஆறுதல்.

தீவும் தூரமும்

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை தீவில், மன்னார் நகரில் உள்ளது. தலைமன்னார், பேசாலைக்காரர் தீவின் நீளத்தைக் கடந்து வரவேண்டும். பெருநிலத்தில் முசலி, மடு, மாந்தை மேற்குக் கிராமத்தவர் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வரவேண்டும். போரில் 1990இல் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டது. மாவட்ட வைத்தியசாலைக்கும் மேற்பட்ட சிகிச்சைக்கு யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ போகவேண்டும். சில மணி நேரத்தில் முற்றக்கூடிய நோய்க்கு இந்தத் தூரம் பெரியது.

அதனால் இங்கே முதற்காவல் குடும்பநல மாதுதான். கைப்பட்டியைக் கட்டி, காதில் குழாயை வைத்து, கர்ப்பிணி அட்டையில் எண்ணை எழுதுகிறார். சோதனைக் குழாயில் சிறுநீரைச் சூடாக்கி, வெண்மையாகத் திரள்கிறதா என்று பார்ப்பது பழைய முறை; இப்போது நிறம் மாறும் பட்டித்துண்டும் உண்டு. கடும் தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ, முகத்திலும் கையிலும் வீக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

உவர்நீர்க் கேள்வி

வங்காளதேசத்தின் தென்மேற்குக் கரையில் டாகோப் என்ற இடத்தில், குடிநீரின் உவர்ப்பும் கர்ப்பகாலக் குருதி அமுக்கமும் தொடர்புடையனவா என்று அனீர் கான் குழுவினர் ஆராய்ந்தனர். நோய் கண்ட 202 பெண்களையும் நலமாயிருந்த ஆயிரத்துச் சொச்சம் பெண்களையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட கட்டுரையில், குடிநீரில் உவர்ப்பு ஏறுமளவுக்கு நோயும் ஏறுவதைக் காட்டினர். உவர்ப்பு மிகுந்த கோடையில் வைத்தியசாலைக்கு வருவோரிலும் இத்தொல்லை அதிகம் என்பது அவர்களுடைய முந்திய கணிப்பு. சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதால் முன்சூல்வலிப்பு தவிர்கிறது என்று சோதனைகள் காட்டவில்லை. எனவே கர்ப்பிணியின் கஞ்சியில் உப்பை அள்ளிக் குறைக்கச் சொல்வதற்கு இந்த ஆய்வு ஆதாரமாகாது. குடிநீர் வழியே நாள் முழுதும் உடலில் சேரும் சோடியம் வேறு கணக்கு.

மன்னார் தீவுக்கு இது அந்நியமான கேள்வியல்ல. மணல் மேட்டின் கீழ் மழைநீர் மெல்லிய படையாகக் கடல்நீரின் மேல் மிதக்கிறது. வடகீழ்ப் பருவ மழை பெய்து முடிந்ததும் கிணறு இனிக்கும். ஆவணிப் புழுக்கத்தில் அதே கிணறு சவர்க்கும். எந்த வளவில் நல்ல தண்ணி, எந்தக் கிணற்றுத் தண்ணியில் தேநீர் திரையும் என்பதைத் தீவுப் பெண்கள் நாவிலேயே வைத்திருக்கிறார்கள். கர்ப்பிணி அட்டையில் அமுக்கத்துக்கும் புரதத்துக்கும் கட்டங்கள் உள்ளன. அவள் குடிக்கும் கிணற்றின் உவர்ப்பை மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளந்து அந்த எண்களுக்குப் பக்கத்தில் எழுத, கையடக்கமான ஒரு மின்கடத்துதிறன் மானி போதும்.