தகடூர் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் பதிப்புரிமையும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதை அறிஞர் அறிவர். அவ்வூரில் அதியமான் பொருத போரைப் பாடிய தகடூர் யாத்திரை நமக்கு முழுமையாகக் கிட்டவில்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியரும் எடுத்தாண்ட செய்யுட்களே எஞ்சின. பிறர் படியெடுத்தமையால் அவையேனும் பிழைத்தன. இன்று அம்மாவட்டத்து நடுகற்களை ஆராய்ந்த கட்டுரைகள் பலவும் சிற்சில படிகளாக நூலக அடுக்குகளில் கிடக்கின்றன. அவற்றை இணையத்துப் பொதுக் களஞ்சியங்களில் வைத்தற்குப் பதிப்புரிமை தடையாகுமோ எனக் கட்டுரையாசிரியரே தயங்குகின்றனர்.

முதற்கண் கல்லையும் கட்டுரையையும் வேறுபிரித்தல் வேண்டும். ஆநிரைப் பூசலில் பட்ட வீரனைப் பற்றி வட்டெழுத்தில் பொறித்த வாசகத்திற்கு இன்று எவரும் உரிமை கொண்டாடற்கில்லை. அதனை ஆராய்ந்தார் எழுதிய விளக்கத்திற்கும் எடுத்த நிழற்படத்திற்குமே உரிமை உண்டு.

அவ்வுரிமையும் காலவரையறை உடையது. எச். கிருஷ்ண சாஸ்திரியார் தருமபுரியின் நுளம்பர் கல்வெட்டுகள் இரண்டை எபிகிராபியா இந்திகா 10ஆம் தொகுதியில் (1909–10) வெளியிட்டார். அரசு வெளியீடாகிய அது நெடுநாட்களுக்கு முன்பே பொதுவுடைமையாயிற்று. இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மாநிலத் தொல்லியல் துறை 1975இல் வெளியிட்ட ‘தருமபுரி கல்வெட்டுகள்’ முதல் தொகுதியின் நிலை வேறு. அரசு நூலுக்கு வெளியான ஆண்டின் பின் 60 ஆண்டு உரிமை உண்டாதலின், அது 2035 முடிய அரசினுடையது. அரசே தன் நூல்களை மின்னூலகத்தில் வைத்தல் அரசின் விருப்பம். அதனைக் கண்டு பிறரும் அவற்றை மறுவெளியீடு செய்யலாம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

தனியறிஞர் கட்டுரைகளே ஈண்டுச் சிறப்பாக ஆராயத்தக்கவை. பதிப்புரிமை என்னும் சொல்லே நம்மை மயக்கிற்று எனலாம். உரிமை பதிப்பித்தவர்க்கு உரியது போலும் என எண்ணச் செய்கின்றது. 1957ஆம் ஆண்டுச் சட்டமோ, பணியின் பொருட்டு எழுதியவை போன்ற சில ஒழிய, எழுதியவரையே முதலுரிமையாளர் என்கின்றது. கையொப்பமிட்ட எழுத்தின்றி அவ்வுரிமை பிறர்க்கு மாறாது. எழுதிக் கொடுத்த வழியும், காலம் குறிக்கப்படாவிடின் அது 5 ஆண்டளவே செல்லும். எனவே, எவ்வகை உடன்படிக்கையுமின்றித் தம் கட்டுரையை இதழுக்கு அனுப்பிய ஆசிரியர் அதனைக் களஞ்சியத்தில் வைத்தற்குச் சட்டம் குறுக்கே நில்லாது. இதழுக்கு ஒரு சொல் அறிவித்தல் பண்பாகும், அது வேறு. ஆயின், கட்டுரையுள் பிறர் எடுத்த நிழற்படம் இருப்பின் அவர் இசைவு வேண்டும். உடன் எழுதினார் உளராயின் அவர் இசைவும் வேண்டும். ஆராய்ச்சிக்கெனத் தாமே ஒரு படி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருவதைக் காட்டி, பிறர் கட்டுரையை முழுதும் பொதுவில் வைத்தலும் ஆகாது.

மறைந்த அறிஞர்தம் கட்டுரைகளுக்கே இடர் மிகுதி. அவர் மறைந்த ஆண்டின் பின்னும் 60 ஆண்டு உரிமை வழித்தோன்றல்களிடம் நிற்கும். அவருட் பலர் தம்மிடம் அத்தகையதோர் உடைமை உள்ளதையே அறியார். உரிமைக்காலம் முழுதும் எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என ஆசிரியர் வாழுங்காலத்தே ஒருவரி எழுதிக் கையொப்பமிட்டுக் கட்டுரையொடு களஞ்சியத்திற்கு அளிப்பின், பின்னர் அவ்வழித்தோன்றல்களைத் தேடி அலைய வேண்டுவதில்லை.