தூரூவ்ர் கிராமத்துச் சூரியச் சாலை

2016 டிசம்பர் கடைசி வாரம். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, பென்ஷன் பணம் எடுக்க நாங்கள் கிழவர்களெல்லாம் வங்கி வாசலில் கால்கடுக்க நின்ற நேரம். எனக்கு முன்னால் நின்றவர் என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கைப்பேசியில் ஒரு பிரெஞ்சுச் செய்தியைக் காட்டி, "பார்த்தியாய்யா, நம்ம ஆளுங்க ரோட்டிலேயே கரண்ட் எடுக்கிறாங்க" என்றார். புதுச்சேரியில் எங்கள் வயதுக்காரர்கள் சிலருக்கு பிரெஞ்சுக்காரன் இன்னும் "நம்ம ஆள்"தான். அதை விடுங்கள்.

செய்தி இதுதான். நார்மண்டிப் பகுதியில், ஓர்ன் மாவட்டத்தில், தூரூவ்ர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையின் ஒரு பக்கத்தில் சூரியப் பலகைகளை ஒட்டியிருக்கிறார்கள். மொத்தம் 2,800 சதுர மீட்டர். டிசம்பர் 22ஆம் தேதி சுற்றுச்சூழல் அமைச்சர் செகோலேன் ருவாயால் வந்து திறந்து வைத்தார். செலவு 50 லட்சம் யூரோ, அன்றைய கணக்கில் சுமார் 35 கோடி ரூபாய். இந்த மின்சாரம் ஐயாயிரம் பேர் வசிக்கும் ஊரின் தெருவிளக்குகளுக்குப் போதும் என்றார்கள். ஐந்து ஆண்டுகளில் நாடு முழுக்க ஆயிரம் கிலோமீட்டர் இப்படிப் போடுவோம் என்று அமைச்சர் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

அப்போது நானும் மகிழ்ந்துபோய் இதைப் பாராட்டி எழுதினேன். நேரு வீதி நடைபாதையில் இப்படிப் பதித்தால் எப்படி இருக்கும் என்றுகூடக் கேட்டிருந்தேன். அதைப் படித்தவர்களுக்கு நான் ஒரு திருத்தம் கடன்பட்டிருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு வெயிலோடு பழைய உறவு உண்டு. எங்கள் இயற்பியல் வாத்தியார் பெக்கெரெல் என்ற பெயரைச் சொன்னால் யுரேனியக் கதிரைக் கண்டுபிடித்த ஆன்ரி பெக்கெரெல் என்றுதான் நாங்கள் எழுதுவோம். "அது மகன், நான் கேட்டது அப்பன்" என்று மட்டம் தட்டுவார். அப்பன் எட்மோன் பெக்கெரெல். 1839இல், பத்தொன்பது வயதில், தன் தகப்பனாரின் ஆய்வுக்கூடத்தில் அமிலக் கரைசலில் உலோகத் தகடுகளை வைத்து, வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் உண்டாவதைக் கண்டார். இன்று கூரையில் வைக்கும் பலகைக்கு மூலம் அதுதான்.

பிறகு வந்தவர் ஒகுஸ்தேன் மூஷோ. கணக்கு வாத்தியார். நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும், அப்போது தொழிற்சாலைகள் எதை வைத்து ஓடும் என்று கவலைப்பட்டவர். 1878 பாரிஸ் கண்காட்சியில் பெரிய கண்ணாடிக் குடை ஒன்றை வெயிலில் விரித்து, அந்தச் சூட்டில் இயந்திரத்தை ஓட்டி ஐஸ்கட்டி செய்து காட்டினார். வெயிலைக் கொண்டு ஐஸ்! தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் நிலக்கரி மலிவாகவே கிடைத்ததால் அரசு உதவியை நிறுத்திக்கொண்டது. 1912இல் அவர் இறந்தபோது கையில் காசில்லை. அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர் 1882 ஆகஸ்ட் 6ஆம் தேதி துய்லெரி தோட்டத்தில் சூரிய வெப்பத்தால் அச்சு இயந்திரத்தை ஓட்டி, மணிக்கு ஐந்நூறு பிரதி வீதம் பத்திரிகை அடித்தார். அன்று வானம் அவ்வளவு தெளிவாகக்கூட இல்லையாம். அந்தக் கண்ணாடிகளைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கதி அதில்தான் இருக்கிறது.

2018 அக்டோபரில் மகள் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தேன். மற்றவர்கள் ஈஃபல் கோபுரம் பார்க்கக் கேட்பார்கள், நான் தூரூவ்ர் போக வேண்டும் என்றேன். மாப்பிள்ளை நல்ல மனிதர், ஒன்றும் பேசாமல் மேற்கே காரை ஓட்டினார். 17ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்திலிருந்து பல குடும்பங்கள் கனடாவின் கியூபெக்குக்குக் குடிபெயர்ந்தன. ஊரில் அதற்கென்று அருங்காட்சியகமே இருக்கிறது. அதைப் பார்க்காமல் நேரே சாலைக்குப் போனோம்.

ஓரமாக நின்று பார்த்தேன். பலகைகள் சொரசொரப்பாக, அழுக்கேறி, சில இடங்களில் ஓரம் பெயர்ந்து கிடந்தன. மரங்களின் சருகு மேலே விழுந்திருந்தது. ஏறக்குறைய நூறு மீட்டர் தூரத்துக்குப் பலகையையே காணோம். அந்த ஆண்டு மே மாதம் பெயர்த்துவிட்டார்கள். ஒரு டிராக்டர் போனது. அந்தச் சத்தம் தகரத்தின் மேல் வண்டி உருட்டுவது போல இருந்தது. சத்தம் தாளாமல் அந்த இடத்தில் வேகத்தை மணிக்கு 70 கிலோமீட்டராகக் குறைத்திருந்தார்கள். மாப்பிள்ளை, "மாமா, போதுமா?" என்றார். போதும் என்று ஏறிக்கொண்டேன்.

மறு ஆண்டு ஜூலையில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கணக்கை வெளியிட்டன. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் யூனிட் எதிர்பார்த்த இடத்தில் 2018இல் வந்தது ஏறக்குறைய பாதி. நகரங்களுக்கிடையே வண்டிகள் ஓடும் சாலைக்கு இது இன்னும் பக்குவப்படவில்லை என்று போட்ட நிறுவனமே ஒப்புக்கொண்டது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. அந்த அட்சரேகையில் பலகையை முப்பது, முப்பத்தைந்து டிகிரி சாய்த்துத் தெற்கே பார்த்து வைக்க வேண்டும். சாலையில் எப்படிச் சாய்ப்பது? லாரி ஏறினால் உடையாமலிருக்க மேலே தடித்த பிசின் பூச்சு போட வேண்டும். அது வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். அடியில் காற்று போகாததால் பலகை சூடேறும். சூடு ஒரு டிகிரி கூடினால் மின்சாரம் சுமார் 0.4 சதவீதம் குறையும். இதற்கு மேல் மண், சருகு, வண்டியின் நிழல். நெதர்லாந்தில் கிரோமெனி என்ற ஊரில் 2014இல் 70 மீட்டர் சைக்கிள் பாதையில் இதையே செய்தார்கள். லாரி ஏறாத பாதைதான், ஆனாலும் முதல் குளிர்காலத்திலேயே மேல்பூச்சு ஒரு பகுதி உரிந்தது.

இதைக் கண்டு சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் இருந்த அலுவலகத்துக்குச் சூரியத் தெருவிளக்கு போடும் கோப்பு ஒன்று வந்தது. கம்பம், பலகை, பேட்டரி, விளக்கு எல்லாவற்றுக்கும் மதிப்பீடு இருந்தது. பராமரிப்புக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லை. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் யார் ஊற்றுவது, பலகையை யார் துடைப்பது என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி மேலே அனுப்பினேன். மார்ச் மாதம், பணத்தை 31ஆம் தேதிக்குள் செலவழித்தாக வேண்டும். மேலதிகாரி கூப்பிட்டு, "அதை அழிச்சிடுப்பா, கோப்பு நிக்கும்" என்றார். ரப்பரை எடுத்து அழித்தேன். ஆட்சேபனை இல்லை என்று எழுதி இனிஷியல் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஒரு விளக்கும் எரியவில்லை. ஒரு கம்பத்தில் மாடு கட்டியிருந்தார்கள். டீக்கடைக்காரர், "போட்ட ஆறு மாசம் நல்லா எரிஞ்சுதுங்க" என்றார். நான்தான் அந்தக் கோப்பைப் பார்த்தவன் என்று அவரிடம் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, தூரூவ்ர் சாலையோரத்தில் நின்றபோது அந்த ரப்பர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் எவனோ ஒரு குமாஸ்தா ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பான்.

ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 2023 மார்ச்சில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கார் நிறுத்துமிடங்கள் பாதிப் பரப்புக்காவது சூரியப் பலகைப் பந்தல் போட வேண்டும் என்று அப்போது அது சொன்னது. காலுக்கடியில் இருந்ததைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். காருக்கும் நிழல். கொரியாவில் தேஜோன், செஜோங் நகரங்களுக்கிடையே நெடுஞ்சாலை நடுவில் சைக்கிள் பாதை போட்டு அதன்மேல் இப்படித்தான் கூரை வேய்ந்திருக்கிறார்கள். குஜராத்தில் 2012இல் நர்மதைக் கிளைக் கால்வாய் மேல் 750 மீட்டருக்குப் போட்டார்கள். நிலமும் மிச்சம், தண்ணீர் ஆவியாவதும் குறைவு. நம் பக்கத்து ஆரோவில்லில் சமையல்கூடத்து மொட்டைமாடியில் 15 மீட்டர் அகலத்தில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அந்தச் சூட்டில் நீராவி எடுத்துச் சோறு வடிக்கிறார்கள். மூஷோ பார்த்திருந்தால் தன் பேரப்பிள்ளை என்று சொல்லியிருப்பார்.

ஆகவே நேரு வீதி நடைபாதையில் பதிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பதிப்பதற்கு முதலில் அங்கே நடைபாதை வேண்டும் என்று அப்போதே ஒரு நண்பர் சொன்னார், அவர் சொன்னதும் சரி. நம் ஊர் சித்திரை வெயிலில் நடப்பவனுக்கு வேண்டியது தலைக்கு மேலே நிழல். அந்த நிழல் மின்சாரமும் தரட்டுமே.

என் வீட்டு மாடியில் போன ஆண்டு 3 கிலோவாட் போட்டேன். மகன் வேண்டாம் என்றான், வங்கிக்காரர் நாலு தடவை நடக்க விட்டார். வடகம் காயவைக்கும் இடத்தை மட்டும் தொடக்கூடாது என்பது வீட்டம்மாவின் நிபந்தனை. அடியில் காற்று போக ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குக் கம்பி நிறுத்திச் சாய்வாக வைக்கச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் பக்கெட்டும் துணியுமாக மாடிக்குப் போகிறேன். காக்கை எச்சம்தான் பெரிய தொல்லை. துடைத்த தண்ணீர் கீழே வழிந்து, பலகை நிழலில் அவள் வைத்திருக்கும் வெற்றிலைக்கொடித் தொட்டியில் விழுகிறது. கொடி நன்றாக வந்திருக்கிறது.