மிஸ் ஜோக்கிம் யார்?

சிங்கப்பூரின் தேசிய மலர் எது என்று கேட்டால், நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களிலும் சிலர் 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்று சொல்லிவிடுவார்கள். அந்த மிஸ் ஜோக்கிம் யார் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் அவ்வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆக்னஸ் ஜோக்கிம் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டக்கலையில் பெயர் பெற்ற அவர், 1893ஆம் ஆண்டில், அதுவரை எவரும் பெயரிடாத ஆர்கிட் மலர் ஒன்றைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் கொண்டு சென்றார். மலாயாவில் ரப்பர் பயிரிடுமாறு ஓயாமல் வற்புறுத்தியவரும், மரத்தைச் சிதைக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் இதே ரிட்லிதான். நம் முன்னோர் பால்மரம் வெட்டிய முறைக்கும் அவருக்கும் தொடர்புண்டு.

பெயரில்லாத பூவை அவர் எவ்வாறு இனங்கண்டார்? அச்செடியின் இலை தட்டையாக இல்லாமல் பென்சில் போல் உருண்டிருந்தது. அத்தகைய இலையுடைய இரண்டு ஆர்கிட்டுகள் அன்று தோட்டங்களில் வளர்ந்தன. ஒன்று பர்மா பக்கத்திலிருந்து வந்த வாண்டா தெரெஸ். மற்றொன்று வாண்டா ஹூக்கெரியானா. நம் பேராக் மாநிலத்துக் கிந்தாவில் மிகுதியாக வளர்ந்ததால் 'கிந்தாக் களை' என்றே அழைக்கப்பட்டது. புதிய பூவில் இவ்விரண்டின் சாயலும் கலந்திருந்தது. ரிட்லி அதை வரையச் செய்து, அதன் விவரத்தை இலண்டனின் 'கார்டனர்ஸ் குரோனிக்கல்' இதழுக்கு அனுப்பினார். 1893 ஜூன் 24ஆம் நாள் அது வெளியானது. மிஸ் ஜோக்கிம் இவ்விரு ஆர்கிட்டுகளையும் கலந்து இப்பூவை உருவாக்கினார் என்று அதில் தெளிவாகவே எழுதினார். பூவுக்கும் அவர் பெயரையே சூட்டினார்.

1899ஆம் ஆண்டு மலர்க் கண்காட்சியில் இம்மலர் பரிசு பெற்றது. அதே ஆண்டில் ஆக்னஸ் காலமானார்.

பல ஆண்டுகள் கழிந்தபின் வேறொரு கதை பரவியது. அவர் பூவை உருவாக்கவில்லை, ஒரு காலை வேளையில் மூங்கில் புதரருகே தற்செயலாகக் கண்டார் என்பதே அக்கதை. வண்டுகள் செய்த கலப்பு என்று அறிஞர் சிலரும் கூறினர். உருவாக்கியவர் 'கண்டெடுத்தவர்' ஆகிவிட்டார்.

இதில் எது உண்மை? மரபணு ஆய்வு பெற்றோர் செடிகள் எவை என்பதை உறுதிசெய்யும். மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தது மனிதக் கையா வண்டா என்பதை அதனால் சொல்ல இயலாது. அதற்கு எழுத்துச் சான்றுதான் வேண்டும். அக்காலத்தில் ஆர்கிட்டுகளைக் கலந்து வளர்த்திருக்க முடியாது என்பாரும் உளர். ஆனால் இங்கிலாந்தில் 1856ஆம் ஆண்டிலேயே மனிதர் கலந்து உருவாக்கிய ஆர்கிட் பூத்துவிட்டது. ஆக்னஸை நேரில் அறிந்த தாவரவியலாளர் அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதிய குறிப்பைவிட, பின்னாளில் எழுந்த செவிவழிச் செய்தி வலுவானதாகுமா?

1981 ஏப்ரல் 15ஆம் நாள் இம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயினும் ஆக்னஸே இதனை உருவாக்கியவர் என்பதைத் தேசிய மரபுடைமைக் கழகமும் தேசிய பூங்காக் கழகமும் ஏற்றுக்கொண்டது 2016ஆம் ஆண்டில்தான். ரிட்லியின் குறிப்பு வெளியாகி 123 ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்றைய வகைப்பாட்டில் 'வாண்டா' என்ற முற்பெயர் 'பப்பிலியோனந்தி' என மாறிவிட்டது. 'மிஸ் ஜோக்கிம்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. அவரது கல்லறைக் கல்லை ஹில் ஸ்திரீட்டிலுள்ள ஆர்மீனியத் தேவாலய வளாகத்தில் இன்றும் காணலாம்.

பள்ளித் தோட்டத்தில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செடியின் பெயரோடு, அதனை நட்ட மாணவரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். நட்டவர் யார் என்ற ஐயம் பின்னாளில் எழாது.