வீட்டுக்கு வந்த வெளிச்சம்: காவிரிக் கடைமடையில் பிளாஷ் உருவப்படம்

காரைக்கால் பகுதியின் வடக்கு ஓரத்தில், தரங்கம்பாடிச் சாலையில் இருக்கிறது பூவம். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த மண். இதுபோன்ற சிற்றூர்களில் உருவப்படம் வேண்டுபவர்கள் பக்கத்து நகரத்து ஸ்டூடியோவுக்குப் போக வேண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த முதியவர், தீட்டு காலத்தில் வீட்டோடு இருந்த பெண், இறந்துபோனவர் ஆகியோரால் அங்கே போக இயலாது. பிளாஷின் வரலாற்றை இவர்களிடமிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1887-ல் ஜெர்மனியில் மீத்தேயும் கேடிக்கேயும் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் சேர்த்துப் பிளாஷ் பொடியை உருவாக்கினார்கள். வெடித்துப் புகையும் அந்தப் பொடி கூரைவீட்டுக்கு ஆகாது. 1929-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த கண்ணாடிக் குமிழ் பல்பு நெருப்பை உள்ளேயே அடக்கியது. ஒரு பல்புக்கு ஒரு படம்தான். ஆனால் பேட்டரி போதும். ஸ்டூடியோவின் பெரிய விளக்குகளுக்கு மின்சாரம் வேண்டும், இதற்கு வேண்டியதில்லை. சாதாரண பல்பு உச்ச ஒளிக்கு வர நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு எடுப்பதால், ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்க ‘எம்’ என்ற அமைப்பு வந்தது. 1931-ல் எட்ஜர்டன் தொடங்கிவைத்த மின்னணு பிளாஷ் கணத்தில் மின்னி மறைவதால் அதற்கு ‘எக்ஸ்’.

திரை ஷட்டர் கேமராக்கள் பலவற்றில் பிளாஷுக்கு 1/60 நொடிதான் எல்லை. வேகத்தை 1/250-க்குத் தவறித் திருப்பினால் படத்தின் பெரும்பகுதி கறுத்துவிடும். ரோலைபிளெக்ஸ், யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் இலை ஷட்டர் எந்த வேகத்திலும் பிளாஷோடு இணங்கும். பகல் வெயில் புகும் கல்யாணப் பந்தலில் அது பெரிய வசதி.

லென்ஸ் துளையின் அளவை பிளாஷின் வழிகாட்டி எண் சொல்லும். 100 ஏஎஸ்ஏ பிலிமுக்கு 24 என்று குறித்த பிளாஷில், மூன்று மீட்டர் தூரத்துக்கு எப்/8. குழுப்படத்தில் முன்வரிசை மூன்று மீட்டரிலும் பின்வரிசை நாலேகால் மீட்டரிலும் நின்றால், பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி ஒளிதான் சேரும். பழைய கல்யாண ஆல்பங்களில் கடைசி வரிசை முகங்கள் மங்கிக் கிடப்பதற்கு இது முக்கியக் காரணம்.

1965-க்குப் பின் வந்த தானியங்கி பிளாஷ்கள் திரும்பி வரும் ஒளியை அளந்து தாமே அணைந்தன. வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் அந்த உணரியை ஏமாற்றின: ஒளி சீக்கிரம் நின்றுபோய், கறுத்த முகம் மேலும் கறுத்தது. அரை ஸ்டாப் கூடுதலாகத் திறந்துவைத்தால்தான் முகம் மீளும். மேலே திருப்பி அடிக்கலாமென்றால், மெத்தைவீட்டின் வெள்ளைத் தளம் உதவும். கைமரம் தெரியும் ஓட்டுக்கூரை ஒளியை விழுங்கிவிடும். ஓட்டுவீட்டில் பக்கச் சுவர்தான் கைகொடுக்கும்.

பூப்பு நீராட்டு விழாவின் ஜடைப்படம் இந்தக் கைத்திறனுக்கு உரைகல். பெண்ணின் முகமும் பூத்தைத்த பின்னலும் ஒரே படத்தில் விழ, பின்னால் நிலைக்கண்ணாடி வைப்பார்கள். கேமராவின் மேலேயே பிளாஷ் இருந்து கண்ணாடியும் நேராக நின்றால், லென்ஸுக்குள் வெள்ளைக் குண்டு வெடிக்கும். பின்னலும் நிழலில் போய்விடும். கண்ணாடியைச் சாய்த்து, பிளாஷைக் கழற்றி ஒயரோடு பக்கவாட்டில் உயர்த்தினால் நிழல் தோளுக்குப் பின்னே இறங்கும். ஒளியைப் பார்த்ததும் மின்னும் இரண்டாவது பிளாஷ் ஒன்று பின்னலுக்கென்றே நிற்பது இன்னும் நல்லது. இதை ஸ்டூடியோக் கலையின் மலிவுப் பதிப்பாகக் கருதுவது அநியாயம். வீட்டுக்குள் பிறந்த தனிக் கலை இது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழக ஸ்டூடியோப் படங்களை எண்ணிமமாக்கியிருக்கிறது. அதே கவனம் வீட்டு ஆல்பங்களுக்கும் வேண்டும். பின்னட்டையில் முத்திரையில்லாத படத்திலும் தடயம் உண்டு. கருவிழி நடுவில் ஒற்றைப் புள்ளி என்றால் கேமராவிலேயே பொருத்திய பிளாஷ். அகன்ற வெண்வட்டம் என்றால் குடையில் பட்டு வந்த ஒளி. தலையோரம் சுவரில் கூரான நிழல் என்றால் ஆள் சுவரை ஒட்டி நின்றிருக்கிறார். சுவரின் காரையும் நிழலின் சாய்வும் சேர்ந்து, படம் எடுத்த அறையைக்கூட வீட்டார் அடையாளம் காணப் போதுமானவை.