பானுமதி ராமகிருஷ்ணா

பானுமதி ராமகிருஷ்ணா (7 செப்டம்பர் 1925 – 24 டிசம்பர் 2005) தெலுங்கு, தமிழ்த் திரைப்பட நடிகை. பாடகி, தயாரிப்பாளர், இயக்குநர், இசையமைப்பாளர், தெலுங்குச் சிறுகதை எழுத்தாளர். தமிழ் ரசிகர்கள் இவரை பி. பானுமதி என்ற பெயரால் அறிவர். நடிகைக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்ட காலத்திலும் தம் பாடல்களைத் தாமே பாடினார்.

இளமை

ஆந்திரத்தில் ஓங்கோல் அருகேயுள்ள தொட்டவரத்தில் பிறந்தார். தந்தை பொம்மராஜு வெங்கட சுப்பையா இசையறிவும் நாடக ஈடுபாடும் உள்ளவர். மகளுக்கு முதல் இசை ஆசிரியரும் அவரே. சி. புல்லையா இயக்கிய 'வரவிக்ரயம்' (1939) முதல் படம். கள்ளகூரி நாராயண ராவின் வரதட்சணை எதிர்ப்பு நாடகத்தைத் தழுவிய அப்படத்தில், கிழவருக்குக் கட்டிவைக்கப்படுவதைவிடச் சாவதே மேல் என்று முடிவெடுக்கும் காளிந்தியாக நடித்தார். அப்போது வயது பதினான்குகூட நிறையவில்லை. மகளைக் கதாநாயகன் தொட்டு நடிக்கக் கூடாது என்பது தந்தை விதித்த நிபந்தனை.

'கிருஷ்ண பிரேமா' (1943) படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி. எஸ். ராமகிருஷ்ணா ராவைக் காதலித்து, அதே ஆண்டு மணந்தார். திருமணத்தோடு நடிப்பை விட்டுவிட எண்ணியிருந்தவரைத் திரும்ப அழைத்து வந்தது பி. என். ரெட்டியின் 'சொர்க்கசீமா' (1945). குடும்பஸ்தன் ஒருவனை மயக்கும் மேடைக்காரி வேடம். ரீட்டா ஹேவொர்த் நடித்த 'பிளட் அண்ட் சாண்ட்' என்னும் ஹாலிவுட் படத்தில் கேட்ட ஒரு முனகலை மனத்தில் வைத்து, புறாவைக் கொஞ்சிப் பாடும் பாட்டில் அதைச் சேர்த்தார். ஆந்திரம் முழுதும் அந்தப் பாட்டு ஒலித்தது. அதே இயக்குநரின் 'மல்லீஸ்வரி' (1951) என். டி. ராமராவுடன் நடித்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் நடக்கும் அக்கதையில், அரண்மனைக்குள் அடைபட்ட கிராமத்துப் பெண்ணாக வந்தார். தெலுங்குத் திரையின் செவ்வியல் படங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

பரணியும் இயக்கமும்

கணவரும் மனைவியும் மகன் பரணியின் பெயரால் பரணி பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பின்னர் சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ எழுந்தது. 'ரத்னமாலா', 'லைலா மஜ்னு' (1949), 'விப்ரநாராயணா' (1954), 'சக்ரபாணி' (1954) ஆகியவை இந்நிறுவனத்தின் படங்கள். 'சக்ரபாணி'க்கு இசையமைத்தவரும் பானுமதியே.

'சண்டிராணி' (1953) இவர் இயக்கிய முதல் படம். தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் எடுக்கப்பட்ட அதில் இரட்டை வேடமும் ஏற்றார். தமிழில் பெண் இயக்குநர் என்ற வரிசையை 'மிஸ் கமலா' (1936) மூலம் டி. பி. ராஜலட்சுமி ஏற்கெனவே தொடங்கி வைத்திருந்தார். ஆயினும் கதாநாயகியாக உச்சத்தில் இருக்கும்போதே கேமராவுக்குப் பின்னாலும் நின்றவர்கள் அரிது. எழுபதுகளில் 'இப்படியும் ஒரு பெண்', 'வாங்க சம்பந்தி வாங்க' முதலிய படங்களை இயக்கினார். 'பக்த துருவ மார்க்கண்டேயா' (1982) குழந்தைகளையே நடிக்க வைத்து எடுத்த படம்.

தமிழ்த் திரையில்

1949 இவருக்குத் தமிழில் திருப்பம் தந்த ஆண்டு. பி. யு. சின்னப்பாவுடன் 'ரத்னகுமார்', எம். கே. ராதாவுடன் ஜெமினியின் 'அபூர்வ சகோதரர்கள்', அண்ணாதுரை எழுத்தில் என். எஸ். கிருஷ்ணனுடன் 'நல்லதம்பி' ஆகியவை அவ்வாண்டில் வந்தன. எம்.ஜி.ஆருடன் நடித்த 'மலைக்கள்ளன்' (1954) தேசிய விருதுகளில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அதே ஆண்டில் வந்த 'ரங்கோன் ராதா', அண்ணாதுரையின் நாவலுக்குக் கருணாநிதி திரைக்கதை தந்த படம். மனைவியின் தங்கையை மணக்கும் ஆசையில் மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டும் கணவனாகச் சிவாஜி கணேசன் நடிக்க, அந்த மனைவியாகப் பானுமதி நடித்தார். ஏவி.எம்.மின் 'அன்னை' (1962) படத்தில் பெறாத பிள்ளையை விட்டுக்கொடுக்க மறுக்கும் வளர்ப்புத் தாயாக வந்தார். அப்படம் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் பெற்றது.

இவருடைய பிடிவாதமும் பேர்பெற்றது. விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸம்மா'வில் முதலில் நடித்தவர் இவரே. சில ரீல்கள் எடுத்த பின், வரலட்சுமி நோன்பு காரணமாகப் படப்பிடிப்புக்குத் தாமதமாக வந்ததில் தயாரிப்பாளர் சக்ரபாணியுடன் மனத்தாங்கல் எழுந்தது. மன்னிப்புக் கேட்க மறுத்து விலகினார். அந்த இடத்துக்கு வந்த சாவித்திரி அப்படத்தால் பெரும் புகழ் பெற்றார். எம்.ஜி.ஆர் இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) படத்திலும் கருத்து வேறுபாடு ஏற்பட, இவருடைய பாத்திரம் பாதிக்கதையிலேயே இறந்துபோகிறது; பிற்பகுதிக்குச் சரோஜாதேவி நாயகியானார்.

எழுத்து

திரையில் கம்பீரத்துக்குப் பேர்போனவர் எழுத்தில் தேர்ந்துகொண்டது நகைச்சுவை. இவருக்கு இலக்கிய இடத்தைத் தேடித்தந்தவை 'அத்தகாரி கதலு', அதாவது மாமியார் கதைகள். மருமகள் கதை சொல்கிறாள், நாயகி மாமியார். மடி, ஆசாரம், ஆவக்காய் ஊறுகாய், வேலைக்காரர்கள், வீட்டுச் செலவு எல்லாவற்றிலும் தமக்குத் தெரியாதது இல்லை என்று நம்பும் அந்த அம்மாள், யாரிடம் வேண்டுமானாலும் எளிதில் ஏமாந்துபோவார். மருமகள் வெளிப்படையாக மறுத்துப் பேசுவதில்லை; பணிவோடு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அந்தப் பணிவிலேயே சிரிப்பு பிறக்கிறது.

அதே காலத் தெலுங்குத் திரையில் மாமியார் என்றாலே நடிகை சூரியகாந்தத்தின் அடாவடி வேடங்கள்தாம் நினைவுக்கு வரும். பானுமதியின் மாமியாரிடம் அதிகாரம் உண்டு, கொடுமை இல்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கும் வாசகர் அவரை வெறுப்பதில்லை. இந்நூல் ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதமி விருது பெற்றது. தன்வரலாறான 'நாலோ நேனு' (எனக்குள் நான்), 1993ஆம் ஆண்டுக்கான திரைப்பட நூல் பிரிவில் தேசிய விருது பெற்றது.

பிற்காலம்

1985 முதல் மூன்று ஆண்டுகள் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். 'மண்வாசனை'யின் தெலுங்கு வடிவமான 'மங்கம்மகாரி மனவடு' (1984), தமிழில் 'செம்பருத்தி' (1992) இரண்டிலும் பாட்டியாக நடித்தார். மருமகளின் வாயால் மாமியாரை வரைந்தவர், இப்போது வீட்டை ஆளும் முதியவளின் இடத்தில் தாமே நின்றார். வேடம் முதிர்ந்தாலும் குரலில் அதிகாரம் குறையவில்லை.

பத்மஸ்ரீ (1966), பத்மபூஷண் (2001), கலைமாமணி, ரகுபதி வெங்கையா விருது (1985) ஆகியவை இவர் பெற்ற சிறப்புகள். சென்னையில் தமது 80ஆம் வயதில் காலமானார்.