தாமிரபரணி வெள்ளம்: கடுமையை அளத்தலும் ஒப்பிடுதலும்

ஓர் ஆற்று வெள்ளத்தின் கடுமையை நீர்மட்டம், விநாடிக்குப் பாயும் நீரின் அளவு, வெள்ளம் வடியாமல் நின்ற நேரம், நீர் சூழ்ந்த பரப்பு, உயிர்ச்சேதம், பொருட்சேதம் எனப் பல வழிகளில் மதிப்பிடுகிறார்கள். இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது அரிது. தாமிரபரணிக் கரையில் 1992 வெள்ளம் பெரிதா, 2023 வெள்ளம் பெரிதா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அவரவர் ஊர்ப் படித்துறையில் நின்று பார்த்ததை வைத்துப் பேசுவதே அதற்குக் காரணம்.

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கி.மீ. மலையில் கொட்டும் மழை ஒரே நாளில் சமவெளிக்கு வந்துவிடும். சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு எல்லாம் திருநெல்வேலி நகருக்கு மேற்கிலேயே ஆற்றில் சேர்ந்துவிடுகின்றன. குற்றாலப் பக்கத்திலிருந்து வரும் சிற்றாறு மட்டும் நகரைத் தாண்டி, சீவலப்பேரி அருகே கலக்கிறது. ஆகவே நகரின் கொக்கிரகுளத்தில் பார்க்கும் வெள்ளமும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் வழியும் வெள்ளமும் வேறு வேறு.

கரையின் அடையாளங்கள்

நகரவாசிகளுக்குக் குறுக்குத்துறை முருகன் கோயில்தான் அளவுகோல். ஆற்றுக்குள்ளேயே அமைந்த இந்தக் கோயிலில், வெள்ளம் வந்து மோதும் பக்கத்தைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். மண்டபம் முங்கியதா, மேல்தளம் தெரிகிறதா என்பதை வைத்தே வெள்ளத்தின் தரத்தைச் சொல்லிவிடுவார்கள். கொக்கிரகுளம் பாலத்தருகே நிற்கும் தைப்பூச மண்டபமும் இப்படிப்பட்ட ஓர் அடையாளம். 1840-களில் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் ஒரு பகுதியை 1869 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சேதமே அந்த வெள்ளத்துக்கு நிலைத்த சாட்சி.

இந்த அடையாளங்களை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் இவை காட்டுவது மட்டத்தை மட்டுமே. ஆற்றின் படுகை தாழ்ந்துபோனால் அதே அளவு தண்ணீர் குறைந்த உயரத்தில் ஓடும். செடிகொடிகளும் வண்டலும் அடைத்துக்கொண்டால் கூடுதல் உயரத்தில் ஓடும். தாமிரபரணியில் பல ஆண்டுகள் மணல் அள்ளப்பட்டது. தோழர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-ல் அதற்குத் தடை விதித்தது. எனவே பழைய கல்மண்டபக் குறியையும் புதிய குறியையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

கன அடிக் கணக்கு

மத்திய நீர்வள ஆணையம் சீவலப்பேரிக்குக் கீழே முறப்பநாட்டில் ஆற்றை அளக்கிறது. ஆணையத்தின் வகைப்பாட்டில், அபாய மட்டத்தைத் தொட்டால் அது 'கடும் வெள்ளம்'. அதுவரை பதிவான உச்ச மட்டத்தை எட்டினாலோ தாண்டினாலோ அது 'அதிதீவிர வெள்ளம்'. ஓரிடத்தில் எச்சரிக்கை விடுக்க இது போதும். இரண்டு ஆறுகளை ஒப்பிட இது உதவாது.

ஓட்டத்தின் அளவை நேரடியாகக் கருவியால் எடுப்பது அமைதியான நாட்களில்தான். மட்டத்தையும் ஓட்டத்தையும் பலமுறை சேர்த்து அளந்து ஒரு வரைகோடு தயாரிப்பார்கள். பெருவெள்ளத்தில் யாரும் ஆற்றில் இறங்க முடியாது; வரைகோட்டை மேலே நீட்டி உத்தேசமாகக் கணக்கிடுவார்கள். அணைகளின் நீர்வரத்தும் நேரடி அளவு அல்ல. இருப்பு எவ்வளவு கூடியது, எவ்வளவு திறந்துவிடப்பட்டது என்பதைக் கூட்டிப் பெறும் எண் அது. வெள்ள நாட்களில் செய்திகளில் வரும் லட்சம் கன அடிக் கணக்குகளை இந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். விநாடிக்கு 1 லட்சம் கன அடி என்பது எத்தனை பெரிது என்று அறிய ஒரு கணக்கு: ஏறத்தாழ 5,500 மில்லியன் கன அடி கொள்ளும் பாபநாசம் அணை காலியாக இருந்தாலும், அந்த ஓட்டத்தில் சுமார் 15 மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

கோதாவரியில் 1986-ல் தவளேஸ்வரத்தில் விநாடிக்கு 35 லட்சம் கன அடி போனது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு தாமிரபரணியுடையதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல். பரப்பைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது பயனற்றது. பிரான்கூ, ரோடியே என்ற இருவர் 1967-ல் உச்ச ஓட்டத்தையும் நீர்ப்பிடிப்புப் பரப்பையும் இணைத்து ஒரு குறியீட்டை அமைத்தது இதற்காகத்தான். அமெரிக்காவின் டார்ட்மத் வெள்ள ஆய்வகம் வேறு வழியில் போய், நீடித்த நாட்கள், பாதித்த பரப்பு, தீவிர வகை மூன்றையும் பெருக்கி மடக்கை எடுத்தது. பல நாட்கள் நின்று வடியும் பெரிய ஆறுகளுக்கு அது பொருந்தும். ஓரிரு நாளில் வந்து போகும் நம் ஆற்றுக்கு அந்த முறையில் நியாயம் கிடைக்காது.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லும் குழப்பம் தருவது. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

1992, 2023

1992 நவம்பர் வெள்ளத்தில் மழை மலையில் கொட்டியது. மாஞ்சோலைப் பக்கம் காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பர் 17, 18-ல் மழையின் மையம் சமவெளிக்கும் கடற்கரைக்கும் நகர்ந்துவிட்டது. 18-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., பாளையங்கோட்டையில் 44 செ.மீ. மழை. மாஞ்சோலையிலும் 55 செ.மீ. பெய்தது.

காயல்பட்டினத்து 95 செ.மீ.யைத் தாமிரபரணி வெள்ளத்தின் அளவாகச் சொல்வது தவறு. ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய அந்த ஊரில் பெய்த மழைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலே ஆற்றில் வந்த தண்ணீருக்கும் தொடர்பில்லை. அதே சமயம், ஆற்றின் அளவுமானியை மட்டும் பார்த்தாலும் 2023 புரியாது. குளங்கள் மறுகால் பாய்ந்தும் கரை உடைந்தும் ஊருக்குள் வந்த தண்ணீர் முறப்பநாட்டைக் கடக்கவே இல்லை. தூத்துக்குடியில் கோரம்பள்ளம் குளம் உடைந்தது இதற்கு உதாரணம். ஏரலில் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் கரைந்து, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலின் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டனர்.

சேதத்தை வைத்து ஆண்டுகளை ஒப்பிடுவதிலும் இடறல் உண்டு. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் வயலும் குளத்தங்கரையும் மனைகளாகிவிட்டன. சேதக் கணக்கு ஆற்றின் வேகத்தோடு நம் குடியிருப்பின் இடத்தையும் சேர்த்தே அளக்கிறது. மலைமழையில் 1992 முந்தியது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழான பகுதிக்கு 2023-தான் பெரிய அடி என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு.

உபரி நீரைத் திசைதிருப்பும் தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 75.2 கி.மீ. நீளமுள்ள இத்திட்டத்தின் இலக்கு 2,765 மில்லியன் கன அடி. விநாடிக்கு லட்சம் கன அடி ஓடும் வெள்ளத்தில் அது எட்டு மணி நேரத்துக்கும் குறைவான தண்ணீர்.