அடையாள ஏடும் செல்லப்பெயரும்: ஒரு ருஷ்யக் குறிப்பு

கொச்சைச் சொல் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதை அதிகாரத்துக்கு எதிரான கலகம் என்று எழுதிவிடுவது நம் சிறுபத்திரிகைகளில் பழக்கமாகிவிட்டது. பக்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அது எவ்வளவு அவசரமான முடிவு என்பது, பக்தினின் நாட்டு மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழக அடையாள ஏட்டுக்கு வைத்த பெயரைத் தொடர்ந்து போனபோதுதான் எனக்குப் புரிந்தது.

ருஷ்ய மாணவரிடம் இரண்டு இருக்கும். ஒன்று மாணவச் சீட்டு, 'ஸ்துதென்செஸ்கி பிலேத்'. பேச்சில் அது 'ஸ்துதாக்'. மற்றது, தேர்ச்சி விவரத்தை ஆசிரியரே எழுதிக் கையெழுத்துப் போடும் சிறிய ஏடு, 'ஸச்சோத்னயா க்னீஷ்கா'. அது 'ஸச்சோத்கா'. அலுவலகத்தின் இரட்டைச் சொல்லை மடக்கிக் கடைசியில் 'கா' ஒட்டுவது அங்கே சாதாரணம். லெனின் நூலகம் 'லெனின்கா' ஆனதும் இப்படித்தான். தேர்வுக்கு முந்தின ராத்திரி, ஸச்சோத்காவை ஜன்னலுக்கு வெளியே விரித்துப் பிடித்து 'ஹல்யாவா, வா!' என்று கத்துவார்கள். ஹல்யாவா என்றால் நம்மூர் 'ஓசி'. 'முதலில் நீ ஸச்சோத்காவுக்கு உழை, அப்புறம் அது உனக்கு உழைக்கும்' என்று ஒரு சொலவடையும் உண்டு. பழைய மதிப்பெண்களைப் புரட்டிப் பார்த்தே ஆசிரியர் புதிய மதிப்பெண் போட்டுவிடுவார் என்பது அதன் பொருள். இன்று பல பல்கலைக்கழகங்களில் ஏடு மின்பதிவாக மாறிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

இந்தச் செல்ல ஏட்டுக்கு ஒரு மூதாதை உண்டு. அதை யாரும் கொஞ்சவில்லை, கிழித்தார்கள்.

1861, ருஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்த ஆண்டு. அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய விதிகள் வந்தன. மாணவர்கள் கூட்டம் கூடத் தடை. ஏழை மாணவர்களுக்கு இருந்த கட்டண விலக்கு ஏறக்குறைய ஒழிந்தது. கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபிள். விதிகளை நடைமுறைப்படுத்த வந்த கல்வி அமைச்சர் புத்யாத்தின் ஒரு கடற்படைத் தளபதி, 1855இல் ஜப்பானோடு ஷிமோடா உடன்படிக்கை செய்தவர். அவர் காலத்தில் மாணவர் கையில் திணிக்கப்பட்டதுதான் 'மத்ரிகுலா'. உள்ளே நுழையச் சீட்டு அதுதான், நூலகச் சீட்டு அதுதான், மதிப்பெண் ஏடும் அதுதான். விதிகளும் அதிலேயே அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே அதை வாங்கிக்கொள்வதே விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம்.

பீட்டர்ஸ்பர்க் மாணவர்கள் மறுத்தார்கள். பழைய நாட்காட்டிப்படி செப்டம்பர் 25 அன்று நெவ்ஸ்கி சாலை வழியாக ஊர்வலமாகவே போய்ப் பல்கலைக்கழக மேலதிகாரி வீட்டு முன்னால் நின்றார்கள். அக்டோபர் 12இல் மோதல். மத்ரிகுலாக்கள் தெருவில் கிழித்தெறியப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் கைதாகிக் கோட்டைச் சிறைக்குப் போனார்கள். டிசம்பரில் பல்கலைக்கழகமே மூடப்பட்டது. புத்யாத்தின் பதவியும் போயிற்று. 1862 தொடக்கத்தில் நகர மன்ற மண்டபத்தில், மத்ரிகுலா இல்லாமலே, பேராசிரியர்களை வைத்து மாணவர்கள் பொதுச் சொற்பொழிவுகள் நடத்தினார்கள். வரலாற்றுப் பேராசிரியர் பாவ்லோவ் நாடுகடத்தப்பட்டதும் மார்ச்சில் அதுவும் நின்றது. மாணவர்களுக்குப் படிக்க விருப்பமில்லை என்று பழி சொன்னவர்களுக்குச் செர்னிஷேவ்ஸ்கி 'கற்றுக்கொண்டார்களா?' என்ற கட்டுரையில் பதில் எழுதினார். படிக்க விரும்பியவர்களை விதிகள்தாம் வெளியே தள்ளின என்பது அவர் வாதம். சில மாதங்களில் அவரும் சிறையில்.

இந்தக் காலத்துப் பெயரிடலைக் கவனியுங்கள். மாணவர்கள் ஏட்டுக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. ஏடுதான் மாணவர்களுக்குப் பெயர் வைத்தது. வாங்கியவன் 'மத்ரிகுலிஸ்ட்'. வாங்காதவன் அதற்கு முன்னால் 'அல்லாத' சேர்த்த இன்னொரு ஆள். அரசு போட்ட கோடு மாணவர்களின் வாயில் வசைச் சொல்லாகவும் பெருமைச் சொல்லாகவும் பிளந்து நின்றது. வாங்குவதா வேண்டாமா என்று கேட்க முடிந்த காலம் அது.

ஸச்சோத்கா அந்தக் கேள்வி செத்த பிறகு வந்த சொல். அது மதிப்பெண்ணைக் கேலி செய்கிறது, ஆசிரியரைக் கேலி செய்கிறது. மதிப்பெண்ணை எழுதிவைக்க ஓர் ஏடு இருக்கத்தான் வேண்டுமா என்று மட்டும் அது கேட்பதில்லை. சிரிப்பு மூச்சுவிட இடம் தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் மூச்சுவிடுவதும் மறுப்பதும் ஒன்றல்ல. செல்லப்பெயர் பல நேரங்களில் தோல்வியோடு சேர்ந்து வாழப் பழகியதன் அடையாளம்.

மத்ரிகுலா லத்தீன் சொல். பதிவேடு என்று பொருள். அதே வேர்தான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் 'மெட்ரிக்' ஆகியிருக்கிறது. 'பையன் மெட்ரிக்ல படிக்கிறான்' என்று பெருமையாகச் சொல்கிறோம். 2011இல் சமச்சீர்க் கல்வி எல்லா வகுப்புகளுக்கும் வந்த பிறகும் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் இருக்கிறது, அதோடு கட்டணமும் இருக்கிறது. யாருடைய பதிவேடு, அதில் யார் பெயர் ஏறாது என்று நாம் கேட்பதில்லை. சொல் வாய்க்குப் பழகிவிட்டது.

மாணவர் வழக்குகளைச் சேகரிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, அதை வேண்டாம் என்று சொன்னவர்கள் எப்போதாவது இருந்தார்களா, அவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.